குலூ பள்ளத்தாக்கில் ஒரு ருஷ்யக் குடும்பம்



பிறந்த ஊரை விட்டு வெளியூரில் குடியேறியவர்களிடம் இரண்டு கேள்விகள் ஓயாமல் கேட்கப்படுகின்றன. "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பது ஒன்று. "எப்போது ஊரோடு போய்ச் சேரப் போகிறீர்கள்?" என்பது மற்றொன்று. தில்லியில் உத்தியோகம் பார்ப்பவரையும், மும்பை மாதுங்காவில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவரையும், கொல்கத்தாவில் வாணிகம் செய்பவரையும் இக்கேள்விகள் விடுவதில்லை. முதற் கேள்விக்கு எளிதில் விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விதான் தொல்லை தருவது. அதைக் கேட்டதும் வீட்டுத் தலைவர் ஒன்று நினைக்கிறார். தலைவி மற்றொன்று நினைக்கிறாள். பிள்ளைகளோ இரண்டுமல்லாத வேறொன்றை நினைக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்களுக்கு ஒரே விடை அமையவில்லையே என்று பலர் மனம் வருந்துவதுண்டு.

இக்கேள்வியை நம்மைக் காட்டிலும் கடுமையான நிலையில் எதிர்கொண்ட ஒரு குடும்பத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ருஷ்ய நாட்டில் தோன்றி, ஆசியாவின் மலைகளையும் பாலைவனங்களையும் கடந்து, இமயத்தின் மடியில் குலூ பள்ளத்தாக்கில் வாழ்ந்த ரோரிக் குடும்பம் அது. தந்தை நிக்கோலஸ் ரோரிக் உலகப் புகழ் பெற்ற ஓவியர். தாயார் ஹெலினா மெய்ப்பொருள் நாட்டம் உடைய எழுத்தாளர். மூத்த மகன் ஜார்ஜ் திபெத்திய மொழியில் பேரறிஞர். இளைய மகன் ஸ்வெத்தோஸ்லாவ் தந்தையைப் போலவே ஓவியர். ஆக, குடும்பத்தில் இருந்தவர்கள் நால்வர்.

நிக்கோலஸ் 1874ஆம் ஆண்டில் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். சட்டமும் ஓவியமும் ஒருங்கே பயின்றார். 1913ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஸ்டிராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' என்னும் நடன நாடகம் முதன்முதலாக அரங்கேறியபோது, அதற்குத் திரைச்சீலைகளும் உடைகளும் வகுத்துக் கொடுத்தவர் அவரே. தம் நாட்டில் பெயரும் பதவியும் பெற்று வாழ்ந்த அவருக்கு நுரையீரல் நோய் கண்டது. காற்று மாறினால் நலம் என்று 1916ஆம் ஆண்டின் இறுதியில் மனைவி மக்களோடு பின்லாந்துப் பகுதிக்குச் சென்றார். சில மாதங்கள் தங்கித் திரும்புவதுதான் நோக்கம். ஆனால் 1917இல் ருஷ்யப் புரட்சி மூண்டது. பின்லாந்து தனி நாடாயிற்று, எல்லை மூடப்பட்டது. உடல் தேறுவதற்காகப் போன இடம் அயல் நாடாக மாறிவிட்டது. அவர்கள் நாட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் அல்லர்; நாடுதான் அவர்களை விட்டு அகன்றது என்று சொன்னாலும் பொருந்தும்.

அங்கிருந்து லண்டனுக்கும், 1920இல் நியூயார்க்குக்கும் சென்றார்கள். லண்டனில் இரவீந்திரநாத தாகூரைச் சந்தித்தார்கள். அமெரிக்காவில் செல்வர் சிலர் ஓவியருக்குத் துணை நின்றனர். மூத்த மகன் லண்டனிலும், ஹார்வர்டிலும், பாரிஸிலும் வடமொழி, திபெத்தியம், மங்கோலியம் ஆகியவற்றைக் கற்றார். மேனாட்டில் வசதியோடு காலம் கழித்திருக்கலாம். ஆயினும் அவர்கள் உள்ளம் கீழ்த்திசையையே நாடியது. 1923ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அப்போது தந்தைக்கு வயது 49, தாய்க்கு 44, பிள்ளைகள் இருவரும் இருபதை ஒட்டிய இளைஞர்கள்.

முதலில் டார்ஜிலிங் பகுதியில் தங்கினார்கள். 1925ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிக்கோலஸ் சென்னைக்கும் வந்தார். அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபைக்குத் தாம் வரைந்த ஓவியம் ஒன்றை அளித்தார். அச்சபையை நிறுவியவர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரும் ருஷ்யப் பேரரசில் பிறந்தவரே என்பது நேயர்களுக்கு நினைவிருக்கும். அவ்வம்மையாரின் பெருநூலை ஹெலினா பிற்காலத்தில் ருஷ்ய மொழியில் பெயர்த்தார்.

அதே 1925ஆம் ஆண்டில் அவர்களுடைய நெடும்பயணம் தொடங்கிற்று. காஷ்மீரத்திலிருந்து லடாக் நாட்டின் லே நகரம். அங்கிருந்து காரகோரம் கணவாய். அதற்கப்பால் கோத்தான், காஷ்கர், உரும்சி. பின்னர் ருஷ்ய எல்லை, மாஸ்கோ, அல்தாய் மலைகள். அதன்பின் மங்கோலியா, கோபி பாலைவனம், திபெத்து. முடிவில் சிக்கிம் வழியாக மறுபடியும் டார்ஜிலிங். ஆசியாவின் நெஞ்சைச் சுற்றி இட்ட வளையம் போன்றது அவ்வழி. சென்றவர்கள் தந்தை, தாய், மூத்த மகன் ஆகிய மூவர். இளைய மகன் அமெரிக்காவில் இருந்தார். உடன் வந்தவர்கள் குதிரைக்காரர், ஒட்டகக்காரர், வழிகாட்டிகள், மருத்துவர் முதலியோர். தந்தை படம் எழுதினார். மகன் உரைபெயர்ப்பாளராகவும் காவலுக்குத் தலைவராகவும் இருந்தார். தாயார் ஐம்பதை நெருங்கும் பருவத்தில், குதிரை மேல் அமர்ந்து, பதினாறாயிரம் பதினெட்டாயிரம் அடி உயரமுள்ள கணவாய்களைக் கடந்தார். அந்தக் காலத்தில் அவ்வழியே சென்ற ஐரோப்பியப் பெண்டிர் மிகச் சிலரே.

இடர்கள் இயற்கையால் மட்டும் வந்தவை அல்ல. கோத்தானில் உள்ளூர் அதிகாரிகள் அவர்களை மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தினர். மாஸ்கோவில் 1926ஆம் ஆண்டு கோடையில் சில வாரங்கள் தங்கினார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் தாய்நாட்டு மண்ணை மிதித்தார்கள். அங்கேயே தங்கிவிடவில்லை, மீண்டும் கிழக்கு நோக்கியே நடந்தார்கள். மாஸ்கோவுக்குச் சென்று வந்தவர்கள் என்பதாலேயே இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர் அவர்களைப் போல்ஷெவிக் ஒற்றர்கள் என்று ஐயுற்றனர். ருஷ்யரிடமோ அவர்கள் அயலகத்திலிருந்து வந்து போகிறவர்கள் என்ற பெயரே பெற்றனர். இரு பக்கத்தாருக்கும் அந்நியராக நிற்பது புலம்பெயர்ந்தவனுக்கு நேரும் துன்பங்களுள் ஒன்று.

அப்பயணத்தில் மிகக் கொடிய பகுதி திபெத்தில் நிகழ்ந்தது. 1927ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சாங்தாங் என்னும் உயர்ந்த பீடபூமியில் திபெத்திய அரசினர் அவர்களைத் தடுத்தனர். முன்னேறவும் கூடாது, பின்வாங்கவும் கூடாது. கோடைக்காலத்திற்கென்று கொண்டுவந்த துணிக் கூடாரங்களில் ஐந்து மாதங்கள் கழிந்தன. குளிர் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை வரை இறங்கியது. மருந்து தீர்ந்தது, தீவனம் தீர்ந்தது. உடன் வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தனர். சுமை விலங்குகளில் சுமார் 90 மாண்டன. 1928ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் வழி விடப்பட்டது. மே மாதத்தில் அவர்கள் சிக்கிம் வந்து சேர்ந்தார்கள். பெரும் ஓவியர் என்ற பெயரும், அமெரிக்க நண்பர்களின் பொருளும் அந்தப் பனிவெளியில் உதவவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு பிழைத்தார்கள். ஜார்ஜ் அப்பயணத்தை விரிவாக எழுதி 1931இல் நூலாக வெளியிட்டார். தந்தையின் தூரிகையிலிருந்து சுமார் 500 ஓவியங்கள் பிறந்தன.

அன்பர்களே, இவ்வளவு அலைந்த பின் ஓர் இடத்தில் வேரூன்ற வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. குலூ அரசர்களின் பழைய தலைநகரான நக்கர் என்னும் மலையூரில், தேவதாரு மரங்களுக்கு இடையே, ஒரு வீட்டைத் தேர்ந்துகொண்டார்கள். கீழே பியாஸ் ஆறு. எதிரே பனிமுடி தரித்த சிகரங்கள். 1928ஆம் ஆண்டிலேயே 'உருஸ்வதி' என்ற பெயரால் இமயமலை ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார்கள். ஜார்ஜ் அதன் தலைவர். மலைச்சாரல்களின் செடிகொடிகளைத் திரட்டி உலர்த்திப் பெயரிட்டார்கள். திபெத்திய மருத்துவ மூலிகைகளை ஆராய்ந்தார்கள். லாமா ஒருவரை அருகே வைத்துக்கொண்டு அகராதிக்குச் சொற்களைத் தொகுத்தார்கள். வந்து தங்கிய ஊருக்கு வாடகை கொடுத்தால் போதும் என்று அவர்கள் இருக்கவில்லை. அவ்வூரின் புல்லும் பூவும் சொல்லும் கதையும் தாம் கற்க வேண்டியவை என்று எண்ணினார்கள்.

இதற்கிடையே இன்னொரு சோதனை வந்தது. 1930ஆம் ஆண்டில் நிக்கோலஸ் வெளிநாடு சென்றிருந்தபோது, இந்தியாவுக்குத் திரும்ப ஆங்கில அரசு அனுமதி மறுத்தது. ஹெலினா நோய்வாய்ப்பட்டு நக்கரில் இருந்தார். கணவர் என்ன செய்தார்? கப்பலேறி நம் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தமையால் ஆங்கிலேயர் அனுமதி அங்கே தேவைப்படவில்லை. ஆங்கிலக் காவலருக்குத் தப்பிப் பாரதியார் புகலடைந்த அதே கடற்கரை ஊரில், இருபது ஆண்டுகளுக்குப் பின் இந்த ருஷ்யரும் வாசல் திறக்கக் காத்திருந்தார். ஆண்டு முடியுமுன் அனுமதி கிடைத்தது. அவர் குலூ போய்ச் சேர்ந்தார்.

வீட்டை இழந்த மனிதர் பிறருடைய செல்வங்களைக் காக்க முனைந்தது அவர் வாழ்வின் மற்றொரு சிறப்பு. போர்க்காலத்தில் கலைக்கோயில்களும் நூலகங்களும் கல்வி நிலையங்களும் தாக்கப்படலாகாது என்று ஓர் உடன்படிக்கையை அவர் வகுத்தார். 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் வாஷிங்டனில் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த 21 நாடுகள் அதில் கையெழுத்திட்டன. பண்பாட்டுச் செல்வங்களைப் போர்க்காலத்தில் காக்க 1954இல் எழுந்த ஹேக் ஒப்பந்தத்துக்கு முன்னோடிகளுள் அது ஒன்று.

1942ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜவஹர்லால் நேரு தம் மகள் இந்திராவோடு நக்கருக்கு வந்து ஒரு வார காலம் விருந்தினராகத் தங்கினார். நேருவின் உருவத்தை ஸ்வெத்தோஸ்லாவ் வரைந்தார். தில்லியில் வாழும் நேயர்கள் நாடாளுமன்றப் பழைய கட்டடத்தின் மைய மண்டபத்துக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்றால், அங்குள்ள நேருவின் படம் ஸ்வெத்தோஸ்லாவின் கைவண்ணம் என்பதை நினைவில் கொள்ளலாம்.

இனி, நான் முதலில் கூறிய கேள்விக்கு வருகிறேன். ஊருக்குத் திரும்புவதா, இருந்த இடத்தில் இருப்பதா? இக்குடும்பத்தின் நால்வரும் நான்கு விடை தந்தார்கள்.

தந்தை திரும்ப விரும்பினார். உலகப்போர் முடிந்ததும் தாய்நாட்டுக்குச் செல்ல அனுமதி கேட்டார். அந்த அனுமதி அவர் கைக்கு வரவேயில்லை. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், 73ஆம் வயதில், நக்கரிலேயே உயிர் நீத்தார். நம் நாட்டு வழக்கப்படி அவர் உடல் தீயிடப்பட்டது. அவ்விடத்தில் நாட்டிய கல், இந்தியாவின் பெரும் நண்பர் என்று அவரைக் குறிக்கின்றது. திரும்ப நினைத்தவர் திரும்பவில்லை. ஆனால் அயலாராகவும் இறக்கவில்லை.

தாய் கணவருக்குப் பின் மூத்த மகனோடு கலிம்பாங்குக்குச் சென்றார். அவருக்கும் தாய்நாட்டு ஏக்கம் இருந்தது. ஆயினும் அவருடைய நாடு பெரும்பாலும் அவர் எழுதுமேசை மேல்தான் இருந்தது. 'அக்கினி யோகம்' என்னும் வரிசையில் அவர் எழுதிய நூல்களும், உலகெங்கும் இருந்த அன்பர்களுக்கு அவர் தீட்டிய கடிதங்களும் பெரும்பாலும் ருஷ்ய மொழியிலேயே அமைந்தன. 1955ஆம் ஆண்டில் கலிம்பாங்கிலேயே காலமானார். பௌத்தர் முறையில் எழுப்பிய வெண்ணிறத் தூபி ஒன்று அங்கே அவர் நினைவாக நிற்கின்றது.

மூத்தவர் ஜார்ஜ் திரும்பிச் சென்றார். 15ஆம் நூற்றாண்டுத் திபெத்திய வரலாற்று நூலாகிய 'நீல ஏடு' என்பதை ஆங்கிலத்தில் பெயர்த்து, கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டி வழியாக 1949, 1953ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பின், 1957இல் மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். மங்கோலியாவில் இக்குடும்பத்தோடு இணைந்த சகோதரிகள் இருவரும் அவருடன் சென்றனர். தந்தையின் ஓவியங்களையும் எடுத்துச் சென்றார். 1958இல் மாஸ்கோ மக்கள் அவற்றைக் கண்காட்சியாகக் கண்டனர். அங்கே திபெத்தியக் கல்விக்குப் புத்துயிர் அளித்தார். பாலி மொழித் தம்மபதம் 1960இல் ருஷ்ய மொழியில் வெளிவந்தபோது அதன் பதிப்பாசிரியர் அவரே. அதே ஆண்டு மே மாதத்தில் தம்பியின் ஓவியக் கண்காட்சி மாஸ்கோவில் நடந்துகொண்டிருந்தது, தம்பியும் வந்திருந்தார். அந்த நாட்களிலேயே, 57 வயதில், ஜார்ஜ் இறந்தார். ஊர் திரும்பியவருக்கு ஊரில் கிடைத்த காலம் மூன்று ஆண்டுகளே. அவர் குலூவில் தொடங்கிய அகராதிப் பணி 1983ஆம் ஆண்டு முதல் மாஸ்கோவில் பல தொகுதிகளாக அச்சேறியது.

இளையவர் ஸ்வெத்தோஸ்லாவ் இங்கேயே தங்கினார். இந்தியத் திரையுலகின் முதற்பெரும் நாயகிகளுள் ஒருவரான தேவிகா ராணியை 1945இல் மணந்தார். பிற்காலத்தில் பெங்களூருக்குத் தெற்கே, கனகபுரா சாலையில், ஒரு தோட்டம் அமைத்து, எண்ணெய் தரும் மரங்களை வளர்த்து, தென்னாட்டு மக்களையும் மண்ணையும் வரைந்து வாழ்ந்தார். 1961இல் பத்மபூஷண் விருது பெற்றார். ருஷ்யாவுக்கு விருந்தினராகப் பலமுறை சென்று வந்தார். 1993ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார். அடுத்த ஆண்டு தேவிகா ராணியும் மறைந்தார்.

ஒரே வீட்டில் நான்கு விடைகள்! இவற்றுள் எது சரி, எது பிழை? தங்கியவர் நன்றி கெட்டவர் என்றோ, திரும்பியவர் இங்கே உண்ட சோற்றை மறந்தவர் என்றோ யாரும் சொல்ல இயலாது. அவர்களை ஒன்றாக வைத்திருந்தது விடை அன்று. வேறு இரண்டு செய்திகள்.

முதலாவது, மொழி. வீட்டுக்குள் ருஷ்ய மொழி வாழ்ந்தது. தந்தையின் கட்டுரைகளும் தாயின் நூல்களும் அம்மொழியில் பிறந்தன. நாற்பது ஆண்டு வெளிநாட்டு வாழ்வுக்குப் பின் மாஸ்கோ சென்ற ஜார்ஜ், தாய்மொழியிலேயே அறிஞர் அவையில் பணியாற்ற முடிந்தது. வீட்டில் பேசிய மொழியே அவருக்குத் திரும்பும் வழியாய் இருந்தது.

இரண்டாவது, வந்த இடத்துக்குச் செய்த உழைப்பு. தாய்மொழியைக் காப்பதற்காக அவர்கள் பிறமொழிகளுக்குக் கதவடைக்கவில்லை. திபெத்தியர்க்கே அரிதான நூல்களை ஜார்ஜ் கற்றார். தம் மொழியில் வேரூன்றியவனே பிறர் மொழியில் நிமிர்ந்து நிற்கிறான் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. மொழி வீட்டுக்குள்ளே, உழைப்பு வாசலுக்கு வெளியே. இந்த இரண்டும் ஒன்றோடொன்று முரணவில்லை.

அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடுகள் உண்டு. நமக்கு நாடு பறிபோகவில்லை. சொந்த ஊருக்குச் செல்ல எவர் அனுமதியும் வேண்டியதில்லை. ரயிலில் இடம் கிடைத்தால் போதும். பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டுத் திண்ணையை நம் பிள்ளைகள் காணலாம். இந்த எளிமையே ஒரு வகையில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற எண்ணத்தில், பிள்ளைக்குத் தமிழ் எழுத்தை அடுத்த ஆண்டு கற்பிக்கலாம் என்று தள்ளிப் போடுகிறோம். அது போலவே, எப்படியும் ஒரு நாள் போய்விடுவோம் என்ற எண்ணத்தில், முப்பது ஆண்டு வாழ்ந்த ஊரின் மொழியைக் கடைக்காரரோடு பேசும் அளவுக்கு மேல் கற்காமல் விட்டுவிடுகிறோம். அப்படி இருந்தால் இரண்டு ஊரிலும் நாம் விருந்தினரே ஆவோம்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. ரோரிக் குடும்பத்தில் அடுத்த தலைமுறை தோன்றவில்லை. ஜார்ஜ் மணம் புரியவில்லை. இளையவருக்கு மக்கட்பேறு இல்லை. அவர்கள் விட்டுச் சென்றவை ஓவியங்களும் அகராதியும் நூல்களுமே. நமக்கோ பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊருக்குத் திரும்புவதா என்ற கேள்வியை ஒரு நாள் அவர்களும் எதிர்கொள்வார்கள். அவர்களுள் ஒருவர் ஜார்ஜைப் போலத் திரும்பலாம்; ஒருவர் தம்பியைப் போலத் தங்கலாம். விடையை அவர்களுக்காக நாமே எழுதி வைக்க வேண்டியதில்லை. இரண்டு வழியும் திறந்திருக்குமாறு அவர்களை வளர்ப்பதே நம் கடமை. தமிழ் தெரியாத பிள்ளைக்கு ஒரு வழி அடைபடும். வாழும் ஊரின் மொழியும் மக்களும் அறியாத பிள்ளைக்கு மற்றொரு வழி அடைபடும்.

ரோரிக் ஓவியங்களை இன்றும் நாம் கண்டு மகிழலாம். நக்கரில் அவர்கள் வாழ்ந்த வீடு காட்சியகமாக உள்ளது. பெங்களூரில் சித்ரகலா பரிஷத்திலும், பிரயாகையில் உள்ள அலகாபாத் அருங்காட்சியகத்திலும், காசியில் பாரத் கலா பவனிலும், திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா ஓவியக்கூடத்திலும் அவை உள்ளன. அவ்வூர்களில் வாழும் தமிழன்பர்கள் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். நீல மலைகளும் வெண்பனியும் நிறைந்த அப்படங்களை எழுதியவர் யார், எந்த ஊரினர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர் கதையைத் தமிழிலேயே அவர்களுக்குச் சொல்லுங்கள்.